ஆறு கதவுக் கட்டுரை

அந்த வீட்டுச் சமையலறை அலமாரிக்கு ஆறு கதவுகள். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசியதைவிட அந்தக் கதவுகள் வழியாகப் பேசிக்கொண்டதுதான் அதிகம். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்தக் கட்டடத்தில் எப்போது எது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது; தட்டில் கை வைக்கும்போதுதான் போன் அடிக்கும். அவளுக்குப் பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருள்கள் பிரிவில் வேலை. ஒரு வாரம் காலை முறை, ஒரு வாரம் மதிய முறை. ஆகவே கல்யாணமான இரண்டாம் வருடமே ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆக வேண்டிய காரியத்தை ஒரு சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டிவிட வேண்டும். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் அதைச் செய்து முடித்து, சீட்டின் அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். 'குழாய் சொட்டுகிறது.' 'படிக்கட்டு பல்ப் போய்விட்டது.' 'அண்ணிக்குப் பிறந்தநாள், மறக்க வேண்டாம்.' ஒருமுறை சண்டைக்கு மறுநாள், 'நேற்று நான் பேசியது தப்பு' என்று அவள் எழுதி ஒட்டினாள். அதற்கும் அடியில் தேதி போட்டுக் கையெழுத்து இருந்தது.

பத்தொன்பது வருடங்களாகக் குழாயையும் பல்பையும் சுமந்த அந்தக் கதவுகளுக்கு இந்த வருடம் இலக்கியம் சுமக்கிற வேலை வந்து சேர்ந்தது.

பாதியில் விட்ட பட்டப்படிப்பை அவள் நாற்பது வயதில் தபால் வழியில் மறுபடி பிடித்திருந்தாள். பதினொரு தாள்கள் தேறிவிட்டன. இலக்கியத் தாள் மட்டும் வழுக்குமரமாக இருந்தது. முதல் தடவை ஆறு மதிப்பெண்ணில் போயிற்று, இரண்டாம் தடவை நாலில். மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். மூன்றாவதும் கவிழ்ந்தால், தேறிய பதினொன்றும் சேர்ந்து செல்லாமல் போய்விடும். அந்த விதி அச்சாகியிருந்த பக்கத்தை அவள் திருப்பித் திருப்பிப் படித்ததில் அந்தத் தாள் மட்டும் புத்தகத்தை விட்டுக் கழன்றே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்கு இருபத்தாறு வயது. அவள் இவளை அக்கா என்பாள், இவள் அவளை மேடம் என்பாள். இந்த மரியாதை மாற்றத்தில் இரண்டு பேருக்குமே கொஞ்சம் கூச்சம் உண்டு. போன தடவை விடைத்தாளின் நகலைப் புரட்டிவிட்டு ஆசிரியை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க தீர்ப்ப முதல்ல எழுதிடுறீங்க. அப்புறந்தான் சாட்சியத் தேடிப் போறீங்க. விசாரணையே நடக்கல."

அதற்கு வைத்தியமும் அவளே சொன்னாள். கட்டுரை எழுதும் முன் திட்டம் போட வேண்டும். ஒரு கருத்துக்கு ஒரு சீட்டு. மேலே கருத்து, கீழே அதற்குச் சான்று, கதையில் எந்தப் பக்கம் என்ற எண். பக்க எண் இல்லாத சீட்டு செல்லாத நோட்டு மாதிரி. கடைசியாக ஒரு சீட்டு மறுபக்கத்துக்கு: நான் சொல்வது தப்பாக இருந்தால் எப்படித் தப்பாக இருக்கும்?

சீட்டு என்றதும் அவளுக்கு அலமாரிதான் ஞாபகம் வந்தது. சமைத்துக்கொண்டே படிக்கலாம். ஆறு கதவு, ஆறு பத்தி.

பாடத்தில் இருந்த கதை பத்தே பக்கம். அதில் யாருக்கும் பெயர் கிடையாது. கணவன், மனைவி, நாத்தனார், அவ்வளவுதான். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி நாலு மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்புகிறாள். அவளுக்குப் பிரியமான ஜன்னல் ஒன்று உண்டு. திறந்தால் தெருவும் ஒரு மரமும் தெரியும். திரும்பி வந்த நாளிலிருந்து கணவன் அதைத் திறக்க விடுவதில்லை. தினம் சாயங்காலம் வந்ததும் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பான். ஒரு நாள் ஆணியே அடித்துவிடுகிறான். அவள் உள்ளுக்குள் புழுங்குகிறாள், சந்தேகப் பிராணி என்று அவனை மனதுக்குள் திட்டுகிறாள். அவன் வேலை நிமித்தம் வெளியூர் போன ஒரு நாள் ஆணியைப் பிடுங்கித் திறக்கிறாள். எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அடுத்த வீட்டுக்காரன் புதிதாக எழுப்பிய சுவர். மரமும் இல்லை, தெருவும் இல்லை. அத்தோடு கதை முடிகிறது.

அவளுக்குத் தீர்ப்பில் சந்தேகமே இல்லை. கருப்பொருள்: பெண்ணை அடைத்துவைத்தல். இரண்டாம் கதவில் ஒட்டினாள்: 'கணவன். மாலையில் வந்ததும் ஜன்னல்களை மூடுகிறான்.' அதன் கீழே இன்னொன்று: 'கணவன். சாப்பிடும்போது தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாய் திறப்பது உணவுக்கு மட்டுமே.' நாலாம் கதவில்: 'நாத்தனார். வந்ததும் பாத்திரங்களின் மூடியைத் திறந்து பார்ப்பவள்.' ஐந்தாம் கதவில், முரண்நகை என்று தலைப்பிட்டு: 'இருவருக்கும் நடுவில் இருப்பது ஜன்னல் அல்ல, சுவர்.' எழுதிவிட்டு அந்தக் கடைசி வரியைத் தானே இரண்டு தடவை படித்து ரசித்தாள். பக்க எண்களை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு சீட்டின் அடியிலும் இடம் விட்டுவைத்தாள். மறுபக்கத்துக்கான ஆறாம் கதவு வெறுமனே இருந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். காலணியைக்கூடக் கழற்றாமல் அறை அறையாகப் போய் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். ஏழு மணிக்கெல்லாம் கொசு குடியேறிவிட்டது. புழுக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவள் புத்தகத்தால் விசிறிக்கொண்டே படித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு புதுமை. ஒரு வாய் எடுத்து வைப்பார், நிமிர்ந்து அவளைப் பார்ப்பார். இன்னொரு வாய், இன்னொரு பார்வை. மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கிற பையனைப் போல ஒரு பார்வை அது.

"இன்னைக்கு நல்ல வெயில்" என்றார்.

அவள் ஆமாம் என்றாள். மூன்று வாய் கழித்து, "ஆனா காத்தும் இருந்துச்சு" என்றார்.

இப்படி ஒரு வாரம் ஓடியது. எஃகுக் கயிற்றில் எத்தனை இழை, பக்கத்துக் கட்டடத்துக்கு என்ன நிறம் அடிக்கப்போகிறார்கள் என்று தினம் ஒரு தலைப்பில் அவர் உரையாற்றினார். அவளுக்கு முரண்நகையின் வகைகள் மண்டையில் நிற்க மாட்டேன் என்றன. ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஏங்க, பேசாமல் சாப்பிடுங்களேன் என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் குழம்பிப் போயிற்று. கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

மாடியில் குடியிருந்த நாத்தனாரும் மாறிப்போயிருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். சாயங்காலம் கடை மூடியதும் நேராகத் தம்பி வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பு மேல் இருப்பதையெல்லாம் திறந்து முகர்ந்துவிட்டுத்தான் உட்காருவாள். இப்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவள் மாதிரி பாத்திரங்களைச் சுற்றி நடந்தாள். "உள்ள என்ன இருக்குன்னு நீயே சொல்லிடும்மா" என்றாள். கழுத்து வலியோ என்னவோ என்று இவள் தைலக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

முரண்நகையைப் பற்றிப் பத்து நாளாகப் படித்துக்கொண்டிருந்தவளின் லட்சணம் இது.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தபோது, பக்க எண் போடலாம் என்று சீட்டுகளைக் கழற்றி மேசையில் பரப்பினாள். அப்போதுதான் அடியில் விட்டிருந்த இடங்கள் காலியாக இல்லை என்பது தெரிந்தது. ஜன்னல் சீட்டின் கீழே பென்சிலில், லிஃப்ட் சோதனை அட்டையில் எழுதுகிற அதே எழுத்தில்: 'குறை சரி செய்யப்பட்டது.' தேதி, கையெழுத்து. சாப்பாட்டுச் சீட்டின் கீழே: 'சரி செய்யப்பட்டது. ஒரு வாரம் கழித்து மறுசோதனை.' நாத்தனார் சீட்டில் தையல்காரச் சுண்ணாம்புக் கட்டியால் கோணலாக: 'இனிமே தொடல.'

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஐந்தாம் கதவுச் சீட்டை எடுத்ததும் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. 'இருவருக்கும் நடுவில் இருப்பது ஜன்னல் அல்ல, சுவர்.' அடியில் கையெழுத்து இல்லை. தேதி மட்டும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஏதோ எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்து, தாள் மெலிந்து போயிருந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். இதெல்லாம் ஒரு கதையைப் பற்றியது, கட்டுரைக்கான திட்டம், வீட்டு வேலை அல்ல. கேட்டதும் வீட்டுக்காரர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். முதல் காரியமாக எழுந்துபோய் ஜன்னல்களை மூடிவிட்டு வந்தார். நாத்தனார் அசையவில்லை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"சரி, கதைன்னே வெச்சுக்குவோம். அதுல நாத்தனார் மூடி தொறக்கிறது எந்தப் பக்கம்?"

இதோ, என்று அவள் புத்தகத்தை எடுத்தாள். மூன்றாம் பக்கம் என்று ஞாபகம். அங்கே இல்லை. ஐந்தில் இல்லை, ஆறில் இல்லை. கதையில் நாத்தனார் வருவதே ஒரே ஒரு தடவை. குழந்தைத் துணி மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்காமலே போய்விடுகிறாள். சமையலறைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை.

"அந்தச் சாப்பாடு?" என்றார் வீட்டுக்காரர் மெல்ல.

நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'அவர்கள் சாப்பிட்டார்கள்.' கணவன் தலை நிமிர்ந்தானா, தொங்கப்போட்டானா, பாட்டுப் பாடினானா, எழுதியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல் ஒன்றுதான் கதையில் இருந்தது. மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது?

அவளுக்குக் காது மடல் சுட்டது. வேலை இடத்தில் பதிவேடு எழுதுவதில் அவளைப் போலக் கறார் யாரும் கிடையாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுது, ஊகத்தை எழுதாதே. 'காதலன் கொடுத்த குடை' என்று பதிந்திருந்த புதுப் பெண்ணை, எந்தக் காதலன், குடையில் எழுதியிருக்கிறதா என்று போன மாதம்தான் கேட்டுத் தலைகுனிய வைத்தாள். அவளே இப்போது, யாரோ தொலைத்த பைக்குள் தன் வீட்டுச் சாமானைத் திணித்துவிட்டு, பை கனக்கிறது என்று பதிந்திருக்கிறாள். சீட்டைத் தப்பாகப் படித்தார்கள் என்று சிரித்தாளே, அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். எழுதியவளுக்குத்தான் தான் எழுதியது என்னவென்று தெரியவில்லை.

நாத்தனார் எழுந்தாள். குரலில் கோபம் இல்லை, ஒரு தோரணை இருந்தது.

"துணியத் தொட்டுப் பாக்காம ரகம் தெரியாதும்மா. முப்பது வருசமா அதான் பொழப்பு. கை தானாப் போகுது. உன் வீட்ட வேவு பாக்கணும்னு இல்ல."

"அண்ணி, உக்காருங்க."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று அவள் மாடி ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்காரர் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மின்சுற்றுப் படம் பார்ப்பதைப் போல வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தி, முக்கால் மணி நேரம் படித்தார். அவள் எதிரே உட்கார்ந்து, பிய்த்தெடுத்த ஒட்டு நாடாக்களை உருட்டிக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் அவர் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி எதையோ தேடினார்.

"இதுல ஒண்ணு குறையுது" என்றார்.

"என்னது?"

"இவன் பகல்ல என்ன வேலை பாக்குறான்னு எங்கயுமே இல்ல. சாயங்காலம் வர்றான், ஜன்னல மூடுறான். நமக்கு அவ்வளவுதான் தெரியும். ஏன்னா அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும்."

உண்மைதான். பத்துப் பக்கமும் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்றே கதை சொல்லப்பட்டிருந்தது. இரண்டு பரீட்சை எழுதியும் இது அவள் கண்ணில் படவில்லை. அந்தக் கணம் இன்னொன்றும் தோன்றியது. பகலில் இவர் என்ன செய்கிறார்? லிஃப்ட் பழுது பார்க்கிறார். இத்தனை வருடமாக அவளுக்குத் தெரிந்தது அந்த மூன்று சொல்தான்.

கேட்டாள். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். லிஃப்டை ஓட வைப்பது பெரும்பாலும் இருபது நிமிட வேலை. கஷ்டம் அதில் இல்லை. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் கதவு திறக்கும்வரை பேச்சு நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இருப்பவர் கதவை உதைக்க ஆரம்பித்துவிடுவார், அழுவார், மயங்கியும் விழுவார். ஆகவே கை ஒரு பக்கம் வேலை பார்க்க, வாய் ஒரு பக்கம் ஓட வேண்டும். பெண் வக்கீல் ஒருவருக்குத் தன்னோடு பள்ளியில் படித்த அத்தனை பேரின் பெயரையும் வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒப்பித்தாராம். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே தொங்கிய பருத்த அதிகாரி ஒருவருக்கு, வேறு எதுவும் தோன்றாமல், இவள் நாலு மதிப்பெண்ணில் தோற்ற கதையை நாற்பது நிமிடம் சொன்னாராம்.

"வெளிய வந்ததும் அந்த ஆளு தண்ணி கேக்கல. உங்க வீட்டம்மா மறுபடி எப்ப பரீட்சை எழுதுறாங்கன்னுதான் கேட்டாரு."

அதனால்தான் வீட்டுக்கு வந்தால் பேச்சு வருவதில்லை என்றோ, மன்னித்துக்கொள் என்றோ அவர் சொல்லவில்லை. சாயங்காலம் தொண்டை காலி என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குள் ஏதோ இளகியது. ஆனால் இளகினதையே தீர்ப்பாக எழுதிவிடுவதுதான் தன் பழைய வியாதி என்பதும் உறைத்தது. கதைக் கணவனை அப்படிச் சும்மா விட அவளுக்கு மனமில்லை.

"மரத்த வெட்டிட்டு எவனோ சுவர் எழுப்பிட்டான், அதப் பாத்தா இவ மனசு ஒடைஞ்சிடும்னு மூடி வெச்சான். சரி. வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்தான்" என்றார். பிறகு, "மாட்டுனவங்ககிட்ட கயிறு தேஞ்சிருக்குன்னு நான் சொல்றதில்ல. ஆனா அது இருபது நிமிசத்துக்கு. மாசக்கணக்குல சொல்லாம இருந்தா அது வேற. அது அவங்களுக்காக இல்ல, நமக்காக."

அவள் எழுந்து, ஒரு வெற்றுச் சீட்டில் அதை அப்படியே எழுதி ஆறாம் கதவில் ஒட்டினாள். சான்று என்ற இடத்தில், பக்கம் எட்டு, அவன் ஆணி அடிக்கும்போது கை நடுங்கியதாக ஒரே ஒரு சொல் வருகிறதே, அதைக் குறித்தாள். இத்தனை நாள் அந்த நடுக்கத்தைக் கோபம் என்று படித்திருந்தாள்.

மறுநாள் ஆசிரியைக்குப் போன் செய்து, மேடம், என் சீட்டில் பாதி செல்லாது என்றாள். கொண்டாடுங்க அக்கா, இப்போதுதான் படிக்கவே ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. மிச்சமிருந்த நாட்களில் ஒவ்வொரு சீட்டையும் பக்க எண்ணிலிருந்து தொடங்கி மேல்நோக்கி எழுதினாள். முதலில் சான்று, அதற்கு மேல் கருத்து. முன்பு ஒட்டியவற்றில் முரண்நகைச் சீட்டு ஒன்றை மட்டும் கிழிக்கவில்லை. அது செல்லுமா செல்லாதா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்க எண் இல்லாமலே ஐந்தாம் கதவில் அது தொங்கியது.

பரீட்சை மண்டபத்தில் மின்விசிறி தாள்களைப் பறக்கடித்துக்கொண்டிருந்தது. கேள்வியைப் படித்தாள். 'இக்கதையின் முரண்நகை கணவனைச் சுடுகிறதா, மனைவியைச் சுடுகிறதா? சான்றுகளுடன் விவாதிக்க.' போன தடவையாக இருந்தால் மூன்றாவது நிமிடமே கணவன் தலையில் தீயை வைத்திருப்பாள். இந்தத் தடவை கடைசித் தாளின் பின்பக்கம் ஆறு பெட்டி வரைந்து, தாழ்ப்பாள், தாய்வீடு, நடுங்கும் கை என்று சான்றுகளை மட்டும் நிரப்பினாள். பக்கத்துப் பெஞ்சுக்காரர் இரண்டாம் தாள் வாங்கும்போது அவள் இன்னும் தொடங்கவில்லை. பிறகு எழுதத் தொடங்கியவள் தலை நிமிரவே இல்லை. அவன் செய்தது அன்பும் கோழைத்தனமும் கலந்தது என்று எழுதினாள். மனைவி பாவம்தான், ஆனால் ஜன்னலை ஏன் மூடுகிறாய் என்று அவளும் அவனை ஒருநாள்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை என்றும் எழுதினாள். மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் கடைசி வரி வந்தது. 'அவன் பகலில் என்ன செய்தான் என்று கதை சொல்லவில்லை. படிக்கிற நாமும் கேட்கவில்லை. முரண்நகை சுடுவது நம்மையும் சேர்த்துத்தான்.'

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. அறுபத்து மூன்று. அவள் வேலை இடத்திலிருந்து யாருக்கும் போன் செய்யவில்லை. மதியம் வீட்டுக்கு வந்து, 'தேறிவிட்டேன், அறுபத்து மூன்று' என்று முதல் கதவில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வரும்போது சமையலறையில் மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நாத்தனார்தான். "அறுபத்து மூணு வாங்கினவ வீட்டுல இனிப்பா ஒண்ணும் இல்லியேம்மா" என்றாள், கடைசிப் பாத்திரத்துக்குள் தலையை விட்டபடி.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார், ஜன்னல்களை மூடினார், சீட்டைப் படித்தார், தேதி போட்டுக் கையெழுத்திட்டார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பழையபடி தலை நிமிராமல் சாப்பிட்டார். அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பரீட்சைக்குப் பிறகு இது தினப்படி ஆகியிருந்தது.

"இன்னைக்கு யாரு மாட்டினாங்க?"

"ஒரு பாட்டு வாத்தியார்" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. இரண்டு வாய் கழித்து உதடு ஓரம் துடித்தது. "பாடுங்க, பயம் போயிடும்னு சொன்னேன். தப்பாப் போச்சு. கதவு தொறந்தப்புறமும் நிறுத்தல."

மறுநாள் காலை முறை. கிளம்பும் அவசரத்தில் டப்பாவுக்காக ஐந்தாம் கதவைத் திறக்கப் போனவள் கையை நிறுத்தினாள். 'இருவருக்கும் நடுவில் இருப்பது ஜன்னல் அல்ல, சுவர்.' அதன் அடியில், மெலிந்துபோன தாள் கிழியாதபடி, பென்சிலை அழுத்தாமல் எழுதியிருந்தார்: 'வேலை நடந்துகொண்டிருக்கிறது.' தேதி இருந்தது. இந்தத் தடவை கையெழுத்தும் இருந்தது.

அவள் பென்சிலைத் தேடினாள். கிடைத்ததும் அதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள். டப்பாவை மறந்துவிட்டு வேலைக்குப் போனாள்.